விபூதி போட்டுத் தேய்த்த ரூபாய்

அத்தை காலமான பிறகு அவருடைய பூஜை அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பித்தளைச் செம்பில் பதினான்கு வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. எல்லாம் கறுத்துப் போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குங்கும வாசனையுடன் இருந்தன. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பண்டிகைக்கு முன்னால் வெள்ளிச் சாமான்களுக்கு என்ன செய்வோமோ அதைச் செய்தோம். கொஞ்சம் விபூதி, ஒரு பழைய வேட்டித் துணி, அரை மணி நேரம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தாடியும் மீசையுமாகப் புது மாப்பிள்ளை மாதிரி மின்னினார். அத்தை பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த வாரமே கெம்பே கௌடா சாலையில் ஷிக்ஷகர சதனத்தில் நாணயக் கண்காட்சி. பெங்களூரில் பழைய காசு சேகரிப்பவர்களுக்கு அது ஒரு திருவிழா. நாடெங்கிலும் இருந்து வியாபாரிகள் வந்து மேஜை போட்டு உட்காருவார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் பத்து ரூபாய்க்கு ஒரு பிடி செப்புக் காசு வாங்கும் அதே கூடத்தில், அடுத்த மேஜையில் ஒருவர் ஒரே ஒரு காசுக்கு லட்சத்தில் பேரம் பேசிக்கொண்டிருப்பார். நான் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பதினான்கையும் ஒரு மேஜையில் அவிழ்த்துக் கொட்டினேன். கொட்டியது இரண்டாவது தவறு என்று பிறகு தெரிந்தது. வெள்ளிமேல் வெள்ளி விழுந்தால் வடு விழும்.

வியாபாரி ராஜஸ்தான் குடும்பத்தவர், சிக்பேட்டையில் பிறந்தவர். கன்னடம், தமிழ், ஹிந்தி மூன்றும் சரளம். ஒரு காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். மூன்று விநாடி பார்த்திருப்பார்.

"சார், இதை யார் தேய்ச்சது?"

"நாங்கதான்."

"எதுல?"

"விபூதியில."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "வெள்ளி விலைக்கு எடுத்துக்கலாம் சார். அதுக்கு மேல சொல்ல முடியாது" என்றார்.

நியாயமான விலைதான். ஒரு ரூபாய் என்றால் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அந்த வெள்ளிக்கு அன்றைய விலை என்னவோ அது. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்வரை அவற்றுக்கு வேறு ஒரு மதிப்பும் இருந்தது, அதை நாங்களே துணியால் துடைத்து எடுத்துவிட்டோம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

என்ன மதிப்பு அது? எனக்கு வீம்பு வந்துவிட்டது. அவர் மேஜை முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாணயச் சாலையில் வெள்ளி வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து டன் கணக்கான அழுத்தத்தில் அடிக்கிறார்கள். அந்தக் கணத்தில் உலோகம் மாவு மாதிரி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, அச்சின் பள்ளங்களில் புகுந்துகொள்கிறது. அப்படி ஓடிய தடம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாகக் காசின் பரப்பில் நின்றுவிடுகிறது. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சுழற்றினால் அந்தக் கோடுகளில் பட்ட ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். இதைத்தான் நாணயக்காரர்கள் 'லஸ்டர்' என்கிறார்கள். பளபளப்பு வேறு, லஸ்டர் வேறு. பளபளப்பை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம். விபூதி, புளி, பற்பசை, பூந்திக்கொட்டை, எதுவானாலும் போதும். லஸ்டர் நாணயச் சாலையில் மட்டும்தான் பிறக்கும், ஒரு முறைதான் பிறக்கும். தேய்த்தால் அந்தக் கோடுகள் உடைந்து, பதிலுக்கு ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் வந்துவிடும். வியாபாரி மூன்று விநாடியில் பார்த்தது அதை.

புழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் நிதானமாக. மடியிலும் பையிலும் கல்லாவிலும் உரசி உரசிக் காசின் மேடான இடங்கள் முதலில் மழுங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் என்றால் கன்னம், கிரீடத்தின் பட்டை, மார்பில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் உள்ள குட்டி யானை. அந்த யானைக்குத் தனிக் கதை உண்டு. 1911-ல் வந்த முதல் ரூபாயில் தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டதால் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று பேச்சு கிளம்ப, அரசு பதறிப் போய் அந்தக் காசுகளில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கியது. அடுத்த ஆண்டு தும்பிக்கை நீண்டது. 'பன்றி ரூபாய்' இன்றும் சேகரிப்பவர்களின் செல்லம்.

மேடுகளில் உரசலே இல்லை என்றால் காசு 'அன்சர்க்குலேட்டட்', புழங்காத காசு. சுருக்கமாக யுஎன்சி. இதோடு விஷயம் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் ஆட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் நெடுங்காலமாக ஆங்கிலேயர் விட்டுப்போன வார்த்தைகளே போதுமானவையாக இருந்தன. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், யுஎன்சி. நம்மூர் ஏலப் பட்டியல்களில் இந்த வார்த்தைகள் இன்னும் உண்டு. ஆனால் இப்போது அவற்றோடு எண்களும் சேர்ந்துவிட்டன: எம்எஸ் 62, எம்எஸ் 64. எம்எஸ் என்றால் 'மின்ட் ஸ்டேட்', அதாவது நாணயச் சாலையை விட்டு வந்த நிலை. 60-ல் தொடங்கி 70-ல் முடியும் பதினோரு படிகள். பிறந்த குழந்தைகளுக்குள்ளேயே பதினோரு தரம்.

ஏன் எழுபது? நூறு என்றோ பத்து என்றோ வைத்திருக்கலாமே? இதற்குக் காரணம் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். ஒல்லி, குண்டு, கட்டுமஸ்து என்று மனித உடம்பை மூன்றாகப் பிரித்து, உடம்பை வைத்துக் குணத்தைச் சொல்லலாம் என்று வாதிட்ட அதே ஷெல்டன்தான். அவருக்கு அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகள்மேல் தீராத மோகம். 1949-ல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மிக மோசமான நிலையில் உள்ள சென்ட்டின் விலை ஒரு பங்கு என்றால், குறையே இல்லாத அதே சென்ட்டின் விலை எழுபது பங்கு என்று அன்றைய சந்தையில் கணக்குப் போட்டார். தரத்துக்கு அவர் கொடுத்த எண் விலைக்கான பெருக்கல் எண்தான். கொஞ்ச காலத்திலேயே சந்தை மாறி, கணக்கு பொய்த்துப் போயிற்று. எண் மட்டும் தங்கிவிட்டது. அளப்பது எதை என்பதையே மறந்துவிட்டு அளவுகோலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்ட கதை.

ஷெல்டன் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் 1977-ல் இறந்தார். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த உயர்தர சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான சென்ட்டுகளை வைத்துவிட்டு வந்தவர் அவர் என்பது பின்னால் வெளிவந்தது. வழக்கு, நீதிமன்றம் என்று போயிற்று. தரத்தில் ஒரு படி வித்தியாசம் என்ன பெறும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்தப் பதினோரு படிகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. அமெரிக்க நாணயவியலாளர் சங்கம் 1977-ல் தன் தர விதிகளை அச்சிட்டபோது புழங்காத காசுக்கு 60, 65, 70 என்று மூன்றே படிகள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே விலை எகிற எகிற, நடுவில் படிகள் முளைத்தன. 1986-ல் பதினொன்றும் வந்துவிட்டன. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் பிசிஜிஎஸ் என்ற நிறுவனமும், மறு ஆண்டு என்ஜிசி என்ற நிறுவனமும் கடை திறந்தன. காசை இவர்களுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து எண் போடுவார்கள். பிறகு அதை ஒலி அலையால் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, மேலே சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பெட்டிக்குப் பெயர் 'ஸ்லாப்'. காசு உண்மையானது என்பதற்கும் அந்தப் பெட்டி ஒரு உத்தரவாதம். கள்ள நோட்டுக்குப் பெயர் போன நாட்டில் இது சிறிய விஷயமல்ல. 1939-ஆம் ஆண்டு ரூபாய், நம் வெள்ளி ரூபாய்களில் மிக அரியது, அதற்கு இருக்கும் போலிகள் அசலைவிட அதிகம்.

எப்படித்தான் எண் போடுகிறார்கள்? நான்கு விஷயங்கள் என்றார் சிக்பேட்டைக்காரர், ஆனால் நான்கையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமாம். அச்சு முழுதாக விழுந்திருக்கிறதா, லஸ்டர் உடையாமல் இருக்கிறதா, வடுக்கள் எத்தனை, மொத்தத்தில் பார்க்க அழகாக இருக்கிறதா. இதில் வடு விஷயம்தான் வேடிக்கை. புழங்காத காசில் வடு எப்படி வரும்? நாணயச் சாலையிலேயே வந்துவிடும். அடித்த காசு கூடையில் விழுகிறது. பிறகு மற்ற காசுகளோடு பையில் கொட்டப்படுகிறது. பைகளைத் தூக்கி எறிகிறார்கள். ஒரு காசின் விளிம்பு இன்னொரு காசின் கன்னத்தில் குத்துகிறது. வெளியுலகத்தைப் பார்க்காமலேயே உடன்பிறந்தவர்களிடம் வாங்கிய அடி. இதற்குப் பெயர் 'பை வடு'. மன்னரின் கன்னத்தில் விழுந்தால் பெரிய குற்றம், எழுத்துக்களுக்கு நடுவில் மறைந்திருந்தால் சின்னக் குற்றம். கண்ணைக் குத்தும் வடுக்கள் நிறைய இருந்தால் 60, 61. சேகரிப்பவர் தயங்காமல் வாங்கும் காசு 63. 'ஜெம்' என்று கொண்டாடப்படுவது 65. 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு குறை தென்படாவிட்டால் 70. பழைய வெள்ளி ரூபாயில் அந்த 70-ஐத் தேடிப் போகாதீர்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது. புழங்கிய காசுகளின் உச்சப் படி 58. லேசாக, மிக லேசாகக் கை பட்டது. பெரும்பாலும் பார்க்க அம்சமாக இருக்கும், ஏனென்றால் அது மோசமான பையில் அடிபடாத காசு. பக்கத்தில் ஒரு 60-ஐ வைத்தால் அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கும். ஆனால் விதிப்படி 60 உயர்ந்தது, கை படாதது. 'மடி' என்பதற்கு வேறு எங்கே இவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு 58 போதும்.

எண் என்றால் விஞ்ஞானம் என்று தோன்றிவிடுகிறது. விஞ்ஞானம் இல்லை, அபிப்பிராயம். பழகிய கண்களின் நல்ல அபிப்பிராயம், அவ்வளவுதான். ஒரே காசைப் பெட்டியை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் 64 என்றது 65 ஆகி வருவதுண்டு, 63 ஆகவும் வருவதுண்டு. இதையே தொழிலாக நடத்துபவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். தங்கள் தர நிர்ணயம் மாறாதது, விருப்பு வெறுப்பற்றது என்று விளம்பரம் செய்த பிசிஜிஎஸ்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1990-லேயே புகார் கொடுத்தது. நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நம் ஊரில் ஸ்லாப் வாங்குபவர்கள் இதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்கலாம். 64-க்கும் 65-க்கும் இடையில் இருப்பது ஒரு மனிதரின் அன்றைய காலைப் பொழுதாகவும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குப் பல மடங்கு விலை கொடுப்பவர் காசை வாங்கவில்லை, சீட்டை வாங்குகிறார் என்பது என் கட்சி.

சரி, என் கதைக்கு வருகிறேன். பதினான்கையும் அவர் திருப்பிக் கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தபோதுதான் சட்டைப் பையில் இருந்த பதினைந்தாவது ஞாபகம் வந்தது. அது செம்பில் இல்லை. அத்தையின் சுலோகப் புத்தகத்துக்குள் ஒரு பழுப்புக் காகித உறையில் இருந்தது. உறையின்மேல் பாட்டியின் கையெழுத்தில் பென்சிலால் 'கல்யாணத்துக்கு வந்தது' என்று எழுதியிருந்தது. எழுத்து இருந்ததால் உறையைப் பிரிக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருந்தோம். அதனால் விபூதியிடமிருந்து தப்பித்தது.

1918-ஆம் ஆண்டு ரூபாய். ஒரே கறுப்பு. விளிம்புப் பக்கம் ஊதாவும் நீலமுமாக, மயில் கழுத்து மாதிரி. நான் மன்னிப்புக் கேட்கும் தொனியில், "இது ரொம்ப அழுக்கு" என்று நீட்டினேன்.

அவர் மேஜைக்கு மேலிருந்த டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். வளையும் கழுத்துள்ள சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, வெல்வெட் துணிக்கு மேல் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தார். கறுப்புக்கு அடியிலிருந்து ஒளி ஆரம் ஆரமாகச் சுற்றி வந்தது. நானே பார்த்தேன். யானையின் முதுகில் ஒரு உரசல் கிடையாது. கன்னத்தில் இரண்டு சின்னப் பை வடுக்கள்.

"இதைத் தொடலையா?" என்றார்.

"தொடலை."

"தொடாதீங்க."

கறுப்பு அழுக்கு இல்லையாம். காகிதத்தில் உள்ள கந்தகம் நூறு வருஷமாக வெள்ளியோடு மெல்லக் கூடி உண்டாக்கிய மெல்லிய படலம். அடியில் இருக்கும் கோடுகளை அது அழிக்கவில்லை, மூடி வைத்திருக்கிறது. இந்த இயற்கை நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. செயற்கையாக நிறமேற்றுபவர்களும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1918 அரிய ஆண்டே அல்ல. கல்கத்தாவிலும் பம்பாயிலுமாக அந்த ஆண்டில் 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். உலக யுத்தம், எங்கும் வெள்ளிப் பஞ்சம், காகித நோட்டை மக்கள் நம்பவில்லை. வெள்ளி ரூபாய் கொடுங்கள் என்று கருவூலங்களில் கூட்டம். பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றி, தன் கஜானாவில் மூட்டை மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் பெரும் பங்கு கட்டி வெள்ளியாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து ரூபாயாக மாறியது. உருகாமல் அமெரிக்கக் கஜானாவில் தங்கிய டாலர் மூட்டைகள் 1960-களின் தொடக்கத்தில் வெளியே வந்தன. பல பத்தாண்டுகள் பையிலேயே இருந்த, யார் கையும் படாத, ஆனால் வடு நிறைந்த காசுகள். எம்எஸ் 63-ஆ 64-ஆ என்று அமெரிக்கர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குத் தீனி போட்டவை அந்த டாலர்கள்தான். அவற்றோடு ஒன்றாகப் பிறந்து இங்கே வந்தவை வேறு விதமாக வாழ்ந்தன. சந்தைக்குப் போயின, வட்டிக்குப் போயின, கொலுசாகவும் குங்குமச் சிமிழாகவும் உருகின. காது வைத்துக் காசுமாலையில் கோக்கப்பட்டன. என் பதினான்கில் ஒரு 1862 விக்டோரியாவுக்கு அப்படி ஈயம் பற்ற வைத்த தழும்பு இருக்கிறது. 40 கோடி அடித்தும் இன்று புழங்காத 1918 ரூபாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கலாமா?" என்று கேட்டேன். ஆசை யாரை விட்டது?

"சட்டம் இருக்கு சார்" என்றார்.

இருக்கிறது. தொல்பொருட்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972-ல் நிறைவேறி 1976-ல் அமலுக்கு வந்தது. நூறு ஆண்டு ஆன எந்தப் பொருளும் தொல்பொருள். அந்தப் பட்டியலில் நாணயம் என்ற வார்த்தை வெளிப்படையாகவே இருக்கிறது. தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. வீட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை, தபாலில் கலிஃபோர்னியாவுக்கு அனுப்புவதுதான் தவறு. சிலை கடத்தல்காரர்களுக்காகப் போட்ட சட்டம், கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட ஒரு ரூபாய்க்கும் அதே மாதிரி பொருந்துகிறது. ஒவ்வொரு புத்தாண்டிலும் இன்னொரு ஆண்டுக் காசு எல்லை தாண்டித் தொல்பொருளாகிவிடும். 1925-ஆம் ஆண்டுக் கால் ரூபாய் 2025-ல் நூறைத் தொட்டது. 1940-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயைத் தாராளமாக அனுப்பலாம், 1918-ஐ முடியாது. ஆகவே நம் பழைய ரூபாய் ஒன்று ஸ்லாபில் இருப்பதைப் பார்த்தால், அது எந்த வழியாகப் பெட்டிக்குள் போனது என்று விற்பவரைக் கேட்பது நல்லது. வெளிநாட்டில் இருந்த காசு அங்கேயே பெட்டி ஏறி இங்கே வந்திருந்தால் பிரச்னை இல்லை.

இரண்டாயிரம் ஆண்டுக் காசுகளுக்கு இந்த எழுபது எண் கணக்கு செல்லாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். 1891-ல் நம் யஷ்வந்தபுரத்தில் ரயில் பாதை வேலையின்போது 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அந்த மாதிரிக் காசுகளை என்ஜிசி பார்த்தால் வார்த்தையில் ஒரு தரம், அச்சுக்கு ஐந்தில் எத்தனை, பரப்புக்கு ஐந்தில் எத்தனை என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. அத்தனை வயதானவர்களிடம் பை வடுவை எண்ணுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இன்னொரு குழப்பம், அரசாங்கமே உண்டாக்குவது. நம் நாணயச் சாலைகளை நடத்தும் அரசு நிறுவனம் நினைவு நாணயங்களை 'ப்ரூஃப்', 'யுஎன்சி' என்று இரண்டு பெட்டிகளில் விற்கிறது. ப்ரூஃப் என்பது தரம் அல்ல, செய்முறை. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட அடி. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பின்புலம் வரும். பெட்டியின்மேல் யுஎன்சி என்று போட்டிருப்பதும் புழக்கத்துக்கு விடவில்லை என்ற பொருளில்தான். உள்ளே இருப்பது 62-ஆகவும் இருக்கலாம், 68-ஆகவும் இருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தை வாங்கிய தமிழர்கள் நிறையப் பேர். பெட்டியைத் திறந்து விரலால் கோபுரத்தைத் தடவிப் பார்க்காதவர்கள் அதில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. விரல் ரேகையில் உள்ள எண்ணெயும் உப்பும் சில மாதத்தில் பழுப்பு ரேகையாகக் காசில் பதிந்துவிடும். அது போகாது. 50 சதவீத வெள்ளியும் 40 சதவீதச் செம்பும் கலந்த நினைவு நாணயங்கள் இன்னும் சீக்கிரம் நிறம் மாறும்.

விக்டோரியா காலத்து ரூபாய் ஒன்று உரசலே இல்லாமல் கண்ணாடி போல் இருந்தாலும் உடனே மயங்க வேண்டாம். சேகரிப்பவர்கள் கேட்டால் பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாக அடித்துக் கொடுக்கும் வழக்கம் நம் நாணயச் சாலைகளில் 1970 வரை இருந்தது. மகாராணியின் முகம், நேருவுக்குப் பிந்தைய பிறப்பு.

நோட்டுகளின் கதி இதைவிடப் பரிதாபம். நோட்டுக்கும் அமெரிக்காவில் எழுபது படி உண்டு. ஆனால் நம் வங்கிகள் அச்சகத்திலிருந்து வந்த புது நோட்டுக் கட்டிலேயே கம்பி குத்திக் கொண்டிருந்தன. புழங்குவதற்கு முன்னாலேயே ஓட்டை. கம்பி குத்துவதை நிறுத்துங்கள் என்று ரிசர்வ் வங்கி 2001-ல் உத்தரவு போட்டது. காகிதப் பணத்தின் ரசிகர்கள் பெங்களூரில் பிரன்டன் சாலையில் உள்ள ரெஸ்வான் ரசாக்கின் இந்தியக் காகிதப் பண அருங்காட்சியகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டில் பழைய காசு இருப்பவர்களுக்கு அன்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். தேய்க்காதீர்கள். கழுவவும் வேண்டாம். முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடியுங்கள். கடைகளில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பைகளுள்ள ஆல்பங்கள் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் நாளடைவில் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். நடுவில் மைலார் வைத்த அட்டைச் சட்டம் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது போதும். யாரிடமாவது காட்டுவதாக இருந்தால் கறுப்போடு காட்டுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர் செய்தால் செய்யட்டும். தேய்த்த காசுக்கு அந்த நிறுவனங்கள் எண்ணே கொடுப்பதில்லை. 'விவரம் தெரிகிறது, ஆனால் சுத்தம் செய்யப்பட்டது' என்ற பொருளில் ஒரு சீட்டு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்து டிசியில் சிவப்பு மையில் எழுதுவது மாதிரி.

1918-க்கு அவர் ஒரு விலை சொன்னார். மற்ற பதினான்குக்கும் சேர்த்துச் சொன்னதைவிட அதிகம். கொடுக்கவில்லை. பாட்டியின் உறையைத் தனியாக, காசைத் தனியாக வைக்கச் சொன்னார். இரண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதன் தரம் 63 என்று அவர் நினைக்கிறார். நண்பர் ஒருவர் 64-க்குக் குறையாது என்கிறார். பெட்டி இல்லாததால் இருவரும் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

பதினான்கும் பழைய செம்புக்கே திரும்பிவிட்டன. தீபாவளிக்கு லட்சுமி பூஜைத் தட்டில் அவற்றைத்தான் வைத்தோம். ஆறு மாதத்தில் லேசாக மறுபடி கறுக்க ஆரம்பித்திருந்தன. மனைவி விபூதி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குத்துவிளக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.